திரையரங்கில் கோளாறா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

பல மாதங்கள் காத்திருந்து பார்க்கப் போன ஒரு படத்தின் முதல் நாற்பது நிமிடங்கள் எனக்கு வீணாயின. இசை கேட்டது, மழை கேட்டது, கதவு அறையும் சத்தம் பக்கத்துச் சுவரிலிருந்து திடுக்கிட வைத்தது. பேசுகிறவர்களின் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. இயக்குநரே அப்படி அமைத்திருக்கிறார் போலும் என்று எண்ணிக்கொண்டு காதைத் தீட்டி உட்கார்ந்திருந்தேன். கடைசியில் பொறுக்க முடியாமல் வெளியே போய் ஓர் ஊழியரிடம் சொன்னேன். ஐந்தே நிமிடத்தில் குரல் திரும்பி வந்தது. அரங்கம் முழுவதும் ஒரு பெருமூச்சு எழுந்தது. அத்தனை பேரும் யாராவது எழுந்து போவார்கள் என்று காத்திருந்திருக்கிறார்கள்.

அன்றிலிருந்து கோளாறு தெரிந்தால் உடனே எழுந்துவிடுகிறேன். பிலிம் ஓடிய காலத்தில் 2,000 அடி ரீல் ஒன்று இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும். ரீல் மாற்றுவதற்காகவே ஆபரேட்டர் கேபினில் நின்றாக வேண்டும். நிற்கிறவர் திரையையும் பார்ப்பார். படம் தெளிவிழந்தால் அவர் கை தானாக லென்ஸுக்குப் போகும். இப்போது படம் ஒரு சர்வரில் இருக்கிறது. விளம்பரம், முன்னோட்டம், படம், விளக்கு அணைவது, எரிவது எல்லாம் முன்கூட்டியே வரிசைப்படுத்தப்பட்டுத் தானாக நடக்கின்றன. பல திரைகள் உள்ள வளாகத்தில் ஒவ்வொரு கேபினிலும் ஆள் நிற்பதில்லை. ஆகவே திரையில் ஏதாவது தவறினால் அதை முதலில் காண்பவர் நீங்கள்தான். நீங்கள் சொல்லாவிட்டால் அடுத்த காட்சியும் அதே கோளாறுடன் ஓடும்.

எழுவதற்கு முன் ஒரு நொடி

தவறு படத்தில் இருக்கிறதா, அரங்கத்திலா, நம்மிடமா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். மூக்குக் கண்ணாடியைத் துடையுங்கள். விளம்பரமும் முன்னோட்டமும் சரியாக இருந்து படத்தில் மட்டும் குறை தெரிந்தால், படத்துக்கான அமைப்பு தவறாகப் போடப்பட்டிருக்கலாம், அல்லது அது இயக்குநரின் தேர்வாகவே இருக்கலாம். விளம்பரம் முதலே குறை இருந்தால் சந்தேகமே வேண்டாம், அரங்கத்தின் கோளாறுதான். விளம்பரம் ஓடும்போதே போய்ச் சொல்வதைவிட நல்ல நேரம் கிடையாது. படத்தின் ஒரு காட்சியைக்கூட இழக்க மாட்டீர்கள்.

ஊழியரிடம் ‘படம் சரியில்லை’ என்று மட்டும் சொன்னால் அவர் என்ன செய்வார்? திரை எண், கோளாறு என்ன, எப்போதிலிருந்து என்ற மூன்றையும் சொல்லுங்கள். “ஐந்தாம் திரை, வசனம் நடுவிலிருந்து வரவில்லை, ஆரம்பத்திலிருந்தே” என்று ஒரே வாக்கியத்தில் சொன்னால் கேபினுக்குப் போகிறவருக்கு எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

படம் தொடங்கவே இல்லை

விளம்பரம் முடிந்து திரை கறுப்பாக நிற்கிறது. விளம்பரம் நன்றாக ஓடியிருந்தால் கருவி பழுது என்று முடிவு கட்டாதீர்கள். படங்கள் பூட்டப்பட்ட கோப்புகளாகவே திரையரங்குகளுக்கு வருகின்றன. அந்தப் பூட்டுக்கான டிஜிட்டல் சாவி குறிப்பிட்ட படம், குறிப்பிட்ட கருவி, குறிப்பிட்ட நாள், நேரம் என்று வரையறுத்துத் தனியாக அனுப்பப்படும். சாவி வராமலிருந்தாலோ, காலம் கடந்துவிட்டாலோ, வேறு திரையின் கருவிக்கானது வந்திருந்தாலோ படம் ஓடாது. சாவி மிகச் சிறிய கோப்பு. சரியானது மின்னஞ்சலில் வந்துசேர்ந்தால் சில நிமிடங்களில் படம் தொடங்கிவிடும். “சாவிப் பிரச்சினையா, கருவிப் பிரச்சினையா?” என்று கேளுங்கள். சாவி என்றால் கொஞ்சம் காத்திருக்கலாம். கருவி என்றால் பணத்தைத் திரும்பப் பெறுவதைப் பற்றிப் பேசத் தொடங்குங்கள்.

படம் இருட்டாக இருக்கிறது

இரவுக் காட்சியில் ஒன்றும் தெரியாததை வைத்து முடிவு செய்யக் கூடாது. பகல் காட்சி வரும்வரை பொறுங்கள். வானமும் வெள்ளைச் சட்டையும் சாம்பல் பூத்தாற்போல் தெரிந்தால் அரங்கத்தில் வெளிச்சம் குறைவு. டிஜிட்டல் திரையிடலுக்கான வரையறைப்படி திரையின் வெண்மை சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா (ஒளியை அளக்கும் அலகு) இருக்க வேண்டும். பல புரொஜெக்டர்களில் உள்ள செனான் விளக்கு பழையதாகப் பழையதாக அதன் ஒளி குறைந்துகொண்டே போகும். ஆயுள் முடிந்த விளக்கை மாற்றாமல் ஓட்டுவது, கேபின் ஜன்னல் கண்ணாடியில் படிந்த தூசியைத் துடைக்காமல் விடுவது ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். இரண்டையும் காட்சியின் நடுவில் சரிசெய்ய முடியாது என்றாலும் சொல்லிவிட்டு வாருங்கள்.

காட்சியின் நடுவிலேயே சரிசெய்யக்கூடிய காரணம் ஒன்றும் உண்டு. முப்பரிமாணப் படத்துக்கான வடிகட்டியை லென்ஸின் முன்னாலிருந்து அகற்றாமல் சாதாரணப் படத்தை ஓட்டினால் வெளிச்சத்தில் பெரும்பகுதி திரைக்கு வராமலே போய்விடும். திரும்பிக் கேபின் ஜன்னலைப் பாருங்கள். சில வகைப் புரொஜெக்டர்களில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஒளிக்கற்றைகள் தெரிந்தால் முப்பரிமாண லென்ஸ் இன்னும் மாட்டியிருக்கிறது என்று பொருள். “முப்பரிமாண வடிகட்டி எடுக்கப்படவில்லை என்று நினைக்கிறேன்” என்று ஊழியரிடம் சொல்லிப் பாருங்கள்.

திரையின் நடு பளிச்சென்றும் ஓரங்கள் மங்கியும் இருந்தால் அது முப்பரிமாணத்துக்காகப் போடப்பட்ட வெள்ளித் திரையாக இருக்கலாம். அதன் இயல்பே அப்படித்தான். ஓரத்து இருக்கையிலிருந்து நடுவுக்கு மாறினால் குறை கொஞ்சம் அடங்கும்.

எழுத்துகள் கூர்மையாக இல்லை

முகத்தைப் பார்த்துச் சோதிக்காதீர்கள். ஒளிப்பதிவாளர் வேண்டுமென்றே மென்மையாக எடுத்திருக்கலாம். தலைப்பு எழுத்தையும் வசன வரியையும் பாருங்கள். அவற்றின் விளிம்பு எப்போதும் கூர்மையாக இருக்க வேண்டும். எல்லா எழுத்தும் கலங்கியிருந்தால் லென்ஸைத் திருப்ப வேண்டும், ஒரு நிமிட வேலை. ஒரு பக்கம் மட்டும் கலங்கினால் லென்ஸ் சாய்ந்திருக்கிறது, அது பிறகுதான் சரியாகும். வெள்ளை எழுத்தைச் சுற்றிச் சிவப்பு அல்லது நீல ஓரம் தெரிந்தால் வேறு கோளாறு. புரொஜெக்டருக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று படங்கள் தனித்தனியாக உருவாகி ஒன்றாகச் சேர்கின்றன. அவற்றில் ஒன்று இம்மி விலகியிருக்கிறது.

தலை வெட்டுப்படுகிறது, அல்லது கறுப்புப் பட்டை தெரிகிறது

கறுப்புப் பட்டையைக் கண்டதும் பதற வேண்டாம். இன்றைய படங்கள் பெரும்பாலும் இரண்டு வடிவங்களில் வருகின்றன: உயரத்தைப்போல் 1.85 மடங்கு அகலம் ஒன்று, 2.39 மடங்கு அகலமான ஸ்கோப் மற்றொன்று. பழைய படங்கள் சதுரத்துக்கு நெருங்கிய வடிவத்தில் இருக்கும். அரங்கத்துத் திரையின் வடிவமும் படத்தின் வடிவமும் வேறானால் மேலும் கீழுமோ, இரு பக்கமுமோ பட்டை வரத்தான் செய்யும். முன்பெல்லாம் கறுப்புத் துணித் திரைகள் நகர்ந்து வந்து அந்தப் பட்டையை மூடிவிடும். படத்தின் விளிம்பு துணியில் கச்சிதமாகப் போய் முடியும் அந்த அழகைப் பல புதிய அரங்கங்கள் கைவிட்டுவிட்டன. எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு.

உருவமோ எழுத்தோ வெட்டுப்படுகிறதா என்பதுதான் கேள்வி. தலைப்பின் முதல் எழுத்து திரைக்கு வெளியே போனாலோ, நெற்றிகள் வரிசையாக அறுபட்டாலோ, படம் துணிக்கு மேலே வழிந்தாலோ விளம்பரத்துக்குரிய அமைப்பிலேயே படத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். நான்கு பக்கமும் பட்டை சூழ்ந்து படம் நடுவில் சிறுத்து நின்றாலும் இதே தவறாக இருக்கலாம். ஒரு பொத்தானில் சரியாகும்.

முப்பரிமாணம் இரட்டையாகத் தெரிகிறது

கண்ணாடியைத் துடையுங்கள், விரல் எண்ணெய் பட்ட கண்ணாடி பாதிச் சுகத்தைத் தின்றுவிடும். தலையைச் சாய்க்காமல் நிமிர்ந்து பாருங்கள். சில முறைகளில் தலை சாய்ந்தாலே ஒரு கண்ணுக்குரிய படம் மறு கண்ணுக்குக் கசியும். மின்கலத்தில் இயங்கும் கண்ணாடியாக இருந்து படம் துடித்தால் கலம் தீர்ந்திருக்கும், மாற்றிக் கேளுங்கள்.

ஆழமே புரியாமல், அருகில் இருப்பது தொலைவிலும் தொலைவில் இருப்பது அருகிலும் இருப்பதுபோல் தலையை வலித்தால் ஒரு சோதனை இருக்கிறது. கண்ணாடியைத் தலைகீழாகத் திருப்பி, இடக் கண் வில்லை வலக் கண்ணுக்கு வரும்படி பிடித்துப் பாருங்கள். உடனே ஆழம் சரியாகிவிட்டால் அரங்கத்தில் இரு கண்களின் படங்களும் இடம் மாறி ஓடுகின்றன. இதைச் சொன்னால் சரிசெய்துவிடுவார்கள். சொல்லாவிட்டால் அரங்கமே தலைவலியோடு வீடு திரும்பும்.

வசனம் புரியவில்லை

தொடக்கத்தில் நான் சொன்ன கோளாறு இதுதான். அதிகமாக நேர்வதும், ‘நம் காதுதான் சரியில்லை’ என்று ஆட்கள் அதிகமாகப் பொறுத்துக்கொள்வதும் இதையே.

திரை வெறும் வெள்ளைத் துணி அன்று. அதில் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஆயிரக்கணக்கான துளைகள் உண்டு. துளைகளுக்குப் பின்னால் இடம், நடு, வலம் என்று ஒலிபெருக்கிகள் நிற்கின்றன. வசனத்தின் பெரும்பகுதி நடு ஒலிபெருக்கியிலிருந்து வருகிறது. அதனால்தான் எந்த இருக்கையில் உட்கார்ந்தாலும் குரல் நடிகரின் வாயிலிருந்து வருவதாகத் தோன்றுகிறது. நடு ஒலிபெருக்கி செத்துவிட்டால் இசையும் மழையும் கம்பீரமாக இருக்கும், பேச்சின் எதிரொலி மட்டும் பக்கவாட்டில் கசியும். கிணற்றுக் குரல் என்று நான் நினைத்தது அதைத்தான். கண்ணை மூடிக் கேளுங்கள். பேச்சு எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று சொல்ல முடியாவிட்டால் நடு ஒலிபெருக்கியைச் சந்தேகிக்கலாம்.

குரல் நடுவிலிருந்துதான் வருகிறது, ஆனால் எல்லாமே சன்னமாக இருக்கிறது என்றால் காரணம் வேறு. டால்பி ஒலிக்கருவிகளில் ஒலியின் அளவைக் கூட்டிக் குறைக்க 0 முதல் 10 வரை எண் இருக்கும். படத்தின் ஒலியைக் கலப்பவர்கள் 7-ஐ அடிப்படையாகக் கொண்டு வேலை செய்கிறார்கள். வெடிச் சத்தம் அதிகம் என்று யாரோ முறையிட்டிருப்பார்கள், அரங்கத்தார் எண்ணைக் குறைத்திருப்பார்கள். எண்ணைக் குறைத்தால் வெடி மட்டும் குறையாது; கிசுகிசுப்பும் அதே அளவில் குறைந்து, குளிர்சாதனத்தின் இரைச்சலுக்குள் அமிழ்ந்துவிடும். “கொஞ்சம் கூட்டுங்கள்” என்று தயங்காமல் கேட்கலாம். உங்களைப்போலவே இன்னும் இருவர் போய்ச் சொன்னால் நிச்சயம் கூட்டுவார்கள்.

செவித்திறன் குறைந்தவர்களுக்கென்று வசன வரி காட்டும் கருவியோ, செவிக்கருவிக்கு நேராக ஒலி அனுப்பும் ஏற்பாடோ சில அரங்கங்களில் இருக்கிறது. கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். டிக்கெட் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

சத்தம் தாங்க முடியவில்லை

பக்கச் சுவரையும் பின் சுவரையும் ஒட்டிய இருக்கைகளில் சூழ் ஒலிபெருக்கி ஒன்று காதுக்கு மிக அருகில் இருக்கும். நடுப்பக்கம் நகர்ந்தாலே பாதித் தொல்லை தீரும். அடிக்கடி படம் பார்க்கிறவர் என்றால் இசைக் கலைஞர்கள் பயன்படுத்தும் காதடைப்பான் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சு போன்ற மலிவான அடைப்பான் மேல் சுரங்களை அதிகமாக விழுங்கிப் பேச்சைக் கெடுத்துவிடும். மற்றது எல்லாவற்றையும் ஒரே அளவில் தணிக்கும். குழந்தையோடு போனால் குழந்தையின் காதுக்கும் ஒன்று வேண்டும்.

உதடும் குரலும் ஒட்டவில்லை

ஒலி ஒரு நொடியில் சுமார் 343 மீட்டர் போகிறது. படம் நொடிக்கு 24 பிரேம் ஓடுகிறது. கணக்குப் போட்டால் ஒரு பிரேம் ஓடும் நேரத்தில் ஒலி 14 மீட்டர்தான் கடந்திருக்கும். பெரிய அரங்கத்தின் கடைசி வரிசையில் குரல் சற்றுப் பிந்துவது இயற்கை. தொலைவில் துணி துவைப்பவரின் அடி கண்ணுக்குத் தெரிந்த பிறகு சத்தம் வருவதற்குப் பழகிய மூளை அதைப் பொருட்படுத்தாது. குரல் உதட்டுக்கு முந்தி வந்தால்தான் உடனே உறுத்தும், ஏனென்றால் இயற்கையில் அப்படி நடப்பதே இல்லை. குரல் முந்தினாலோ, வெளிப்படையாகப் பிந்தினாலோ சொல்லுங்கள். மொழிமாற்றுப் படத்தில் இந்தச் சோதனைக்குப் பேச்சு உதவாது. கதவு மூடுவது, கை தட்டுவது, கோப்பை மேசையில் படுவது ஆகியவற்றைப் பாருங்கள்.

கழுத்து வலிக்கிறது

இது டிக்கெட் வாங்கும்போதே தடுக்க வேண்டிய கோளாறு. இருக்கை வரைபடத்தில் திரை ஒரு கோடாகத்தான் இருக்கும். முதல் வரிசைக்கும் திரைக்கும் உள்ள உண்மையான இடைவெளியை அது காட்டாது. கையை முழுதாக நீட்டி விரல்களை முட்டியாக மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் ஏறத்தாழ 10 பாகை. திரையின் அகலம் மூன்று முதல் நான்கு முட்டி இருக்கும் வரிசை நல்ல வரிசை. கடைசி வரிசைக்கும் திரை 36 பாகை தெரிவது நல்லது என்பது திரையரங்குகளுக்குத் தரச்சான்று அளிக்கும் டிஎச்எக்ஸ் நிறுவனத்தின் பரிந்துரை. கண் மட்டத்திலிருந்து திரையின் மேல் விளிம்புவரை மூன்றரை முட்டிக்கு மேல் போனால் கழுத்து வலி உறுதி. ஒருமுறை இப்படி அளந்து வரிசையின் எழுத்தைக் குறித்துவைத்துக்கொண்டால் அந்த அரங்கத்துக்கு மறுபடி அளக்க வேண்டியதில்லை.

ஒலிக்கும் நல்ல இடம் உண்டு. திரையிலிருந்து பின் சுவர்வரையுள்ள தொலைவில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, நடுவில். அரங்கத்தின் ஒலியைச் சீரமைப்பவர்கள் அளவுக்கருவியை நிறுத்துவது அந்தப் பகுதியில்தான். என் விருப்பம் அதற்கு இரண்டு வரிசை முன்னால். திரை கொஞ்சம் பெரிதாகத் தெரிவதற்காக ஒலியில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பேன்.

பக்கத்தில் கைபேசி ஒளிர்கிறது, பேச்சு ஓயவில்லை

கண் இருட்டுக்கு ஓரளவு பழகச் சில நிமிடங்கள் போதும். முழுமையாகப் பழக அரை மணிவரை ஆகும். பழகிய கண்ணில் ஒரு கைபேசித் திரை பட்டால் படத்தின் நிழல்கள் அப்படியே தொலைந்துபோகின்றன. மூன்று வரிசைக்குப் பின்னால் இருப்பவருக்கும் அது விளக்காகவே தெரியும். கைபேசியைப் பார்ப்பவர் இதை உணர்வதில்லை. பெரும்பாலானோர் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை என்றே நான் நம்புகிறேன். அதனால் முதல் சொல் மென்மையாக இருக்க வேண்டும்.

சீக்கிரம் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் பல்லைக் கடித்துவிட்டுச் சொன்னால் குரலில் அந்த ஒரு மணி நேரக் கோபமும் வந்து சேரும். ‘உஸ்’ என்று பொதுவாக ஒலி எழுப்பாதீர்கள்; அது எல்லோரையும் குத்தும், யாருக்கும் போய்ச் சேராது. பக்கமாகச் சாய்ந்து, “வெளிச்சம் கண்ணில் படுகிறது, கொஞ்சம் அணைத்துவிடுகிறீர்களா?” என்று கேளுங்கள். நான் இப்படிக் கேட்டபோதெல்லாம் பெரும்பாலும் மன்னிப்புதான் பதிலாக வந்திருக்கிறது. இரண்டாவது முறையும் நடந்தால் வாதிடாதீர்கள். வெளியே போய் வரிசையும் இருக்கை எண்ணும் சொல்லி ஊழியரை அழையுங்கள். அரங்கத்தை அமைதியாக வைப்பது அவர் பணி.

குழந்தை அழுதால் பெற்றோரைத் திரும்பி முறைக்க வேண்டாம். அவர்கள் ஏற்கெனவே கூசிப்போயிருப்பார்கள். வெளியே போக வழிவிட்டுக் காலை ஒதுக்கிக்கொண்டால் போதும், அவர்களே எழுந்து போவார்கள். முதுகில் உதை விழுந்தால் திரும்பிப் புன்னகையோடு ஒரு வார்த்தை. முன்னால் உயரமானவர் உட்கார்ந்தால் ஒரே வழி, காலியிடம் பார்த்து நகர்வதுதான்; உயரத்துக்காக அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் எல்லாச் சத்தமும் கோளாறு அன்று. அரங்கம் சேர்ந்து சிரிக்கும்போது அடுத்த வசனம் கேட்காமல் போகிறதே என்று சலித்துக்கொள்பவர்களை அறிவேன். அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் வீட்டை விட்டுப் போகிறேன். தனியாகப் பார்த்தபோது புன்னகைக்கு மேல் போகாத ஒரு காட்சி, முன்னூறு பேரோடு பார்த்தபோது கண்ணில் நீர் வரும்வரை சிரிக்க வைத்திருக்கிறது. சோகக் காட்சியில் ஒருவரும் அசையாமல், மூச்சுக்கூட அடக்கமாக விடும் நிமிடம் வரும். இருமல் வந்தவர்கூட அதை விழுங்கிக்கொள்வார். வேறு எங்கும் அந்த அமைதியை நான் கேட்டதில்லை. அதைக் காப்பதற்காகவே கைபேசியை அணைக்கச் சொல்லிக் கேட்கிறேன்.

பெயர்கள் ஓடும்போதே விளக்கு எரிகிறது

படம் முடிந்த பின்னும் எழ மனம் வராமல் உட்கார்ந்திருக்கும்போது பளீரென்று விளக்குகள் எரிவதைப்போல மனத்தை அறுப்பது வேறில்லை. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. விளக்கு எரிய வேண்டிய கட்டளை படத்தின் எந்த நிமிடத்தில் வர வேண்டும் என்று ஒருவர் குறித்திருப்பார். கடைசிக் காட்சி முடிந்ததும் என்று குறித்திருந்தால் பெயர்கள் முழுவதும் வெளிச்சத்தில்தான் ஓடும். இப்போது ஓடிக்கொண்டிருப்பதை மாற்ற நேரமிராது. வெளியே வரும்போது ஊழியரிடம், “பெயர்கள் முடிந்த பிறகு விளக்கு எரியும்படி மாற்ற முடியுமா?” என்று கேளுங்கள்.

நான் ஒருமுறை அப்படிக் கேட்டேன். வாயிலில் நின்ற இளைஞர் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு தாளை எடுத்துத் திரை எண்ணையும் படத்தின் பெயரையும் எழுதிக்கொண்டார். அதே படத்துக்கு அடுத்த வாரம் மறுபடியும் போனேன். கடைசிப் பெயர் மேலேறி மறையும்வரை அரங்கம் இருட்டாகவே இருந்தது. எனக்கு முன்னால் நான்கு பேர் எழாமல் உட்கார்ந்திருந்தார்கள்.